போணி ஆகாத சுஷி

1

நேற்றோடு நாங்கள் ஒசாகாவுக்கு வந்து பன்னிரண்டு வருடம் முடிந்தது. வருடா வருடம் இந்த நாளில் எங்கள் வீட்டில் அடுப்புப் பற்றவைப்பதில்லை. நானும் வீட்டுக்காரரும் மகள் யாழினியும் ரயில் நிலையத்துக்குப் பின்புறச் சந்தில் இருக்கும் சுஷிக் கடைக்குப் போய்விடுவோம். ஒரே ஒரு நீள மரப்பலகை, அதன் முன்னால் எட்டு நாற்காலி, பலகைக்கு அந்தப் பக்கம் கத்தியோடு நிற்கும் எழுபது வயதுக்காரர். கடை அவ்வளவுதான். மாலை திறந்ததும் போய்விட்டால் இடம் கிடைக்கும்.

நேற்றும் போனோம். நம்மூர் வஞ்சிரத்துக்கு உறவுக்கார மீன் ஒன்றை, மேல்தோலை லேசாகத் தீயில் காட்டி, முதல் துண்டாக வைத்தார் கடைக்காரர். அதை விரலால் எடுத்த நேரத்தில் போன் அதிர்ந்தது. திருப்பூரில் இருக்கும் என் தம்பி பிரபு குரல் செய்தி அனுப்பியிருந்தான். மீனைக் கீழே வைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்தேன்.

"அக்கா, சாப்புட்டீங்ளா. ஒண்ணுமில்லீங்க்கா, ஒரு ஒதவி. இன்னைக்கு நீங்க சுஷி சாப்புடப் போவீங்கன்னு தெரியும். அங்கயே உக்காந்துட்டு ஒரு அரை நிமிசம் பேசி வீடியோ எடுத்து அனுப்புங்க்கா. 'என்ற தம்பி கடை சுஷிய நானே சாப்புட்டுப் பாத்தேன், அப்புடியே ஜப்பான் ருசி'ன்னு ஒரு வார்த்தை. நீங்க சொன்னா நாலு சனம் நம்புவாங்க."

யாழினி எட்டிப் பார்த்தாள். மாமா என்ன கேட்கிறார் என்று தெரிந்ததும் உற்சாகமாகப் போனை வாங்கி, பின்னால் கடைக்காரர் தெரிகிற மாதிரிக் கோணம் பார்த்தாள். "அம்மா, நிமிர்ந்து உக்காரு" என்றாள், ஜப்பானிய மொழியில்தான்.

என் தம்பி கடைச் சுஷியில் நான் ஒரு துண்டுகூடச் சாப்பிட்டதில்லை. இதை நேற்று வரை யாரிடமும் சொன்னதும் இல்லை. இந்தக் குறிப்புகளை ஊரில் இருப்பவர்கள் படிப்பதற்காக எழுதுகிறேன். படிப்பவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் அது நியாயமாகத்தான் இருக்கும்.

2

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பொங்கலூர்ப் பக்கம் பிறந்தவள். கல்லூரி முடித்ததும் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றேன். இப்போது ஒசாகாவில், துணி இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியில் அதே வேலையைக் கொஞ்சம் பெரிய பெயரில் செய்கிறேன். கப்பலில் வரும் பெட்டிகளைத் திறந்து, பனியனை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, குத்தம் இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். இந்த வேலை செய்பவர்களுக்கு வீட்டிலும் நல்ல பெயர் கிடையாது. போர்வையை மடிக்கும்போதுகூடத் தையலைத் தடவிப் பார்ப்பேன். "ஏம்மா, இந்த ஊட்டுல நான் ஒருத்தன் தான் ஸ்டிக்கர் ஒட்டாம மிச்சமிருக்கறேன்" என்பார் வீட்டுக்காரர்.

பச்சை மீன் சாப்பிடுவேன் என்று கனவிலும் நினைத்தவள் இல்லை. எங்கள் வீட்டில் மீன் வாங்குவதே அபூர்வம். யாராவது அமராவதி அணைப் பக்கம் போனால் ஒரு பை நிறைய வரும், அன்று வாசலில் தனி அடுப்பு வைத்து, மிளகாயும் மல்லியும் தூக்கலாகப் போட்டு, மீன் தன்னை மீன் என்றே மறந்துபோகும் வரை கொதிக்கவிடுவார்கள். ஒசாகாவில் வேலைக்குச் சேர்ந்த வாரம் எனக்கு விருந்து என்று சுஷிக் கடைக்கு அழைத்துப் போனார்கள். முதல் துண்டை மாத்திரை விழுங்குகிற மாதிரி டீயைக் குடித்து உள்ளே தள்ளினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. எல்லோரும் அதை உருக்கம் என்று எடுத்துக்கொண்டு கை தட்டினார்கள்.

என்னை வளைத்துப் போட்டது மீன் இல்லை, சோறு. நல்ல கடையில் சுஷிச் சோறு சூடாகவும் இருக்காது, ஆறியும் இருக்காது, நம் உள்ளங்கை எவ்வளவு வெதுவெதுப்போ அவ்வளவு இருக்கும். வாயில் போட்டதும் பருக்கை பருக்கையாகப் பிரியும். சோற்றில் கலந்த காடியின், அதாவது வினிகரின், புளிப்பு முதலில் தெரியாது, மீன் கரைந்த பிறகு மெல்ல எட்டிப் பார்க்கும். சோறு தின்று வளர்ந்த நாக்குக்கு இது புரிவதற்கு ஆறு மாதம் ஆனது. புரிந்த பிறகு நான் நானாக இல்லை. சனிக்கிழமை ஆனால் ரயிலேறிக் கடை தேடிப் போக ஆரம்பித்தேன்.

நல்ல கடை கண்டுபிடிப்பதற்கு என்னிடம் ஒரு வழி இருக்கிறது. இணையத்தில் நட்சத்திரம் எண்ணுபவர்கள் எண்ணட்டும், நான் துணியைப் பார்ப்பேன். சுஷிக் கடை வாசலில் தொங்கும் துணித்திரை வெளுத்திருந்தால், அது துவைத்துத் துவைத்து வெளுத்ததா, வெயிலில் கிடந்து வெளுத்ததா என்று எனக்குத் தொடாமலே தெரியும். துவைத்து வெளுத்த திரை என்றால் தைரியமாக உள்ளே போகலாம். ஓரம் பிரிந்து, அதைக் கையால் அழகாகத் தைத்திருந்தால் அந்தக் கடையில் கத்தியும் பலகையும் எப்படி இருக்கும் என்று யோசிக்கவே வேண்டாம். உட்கார்ந்ததும் கொடுக்கிற ஈரத் துண்டை முகர்ந்து பார்ப்பேன், வெளுப்பான் நெடி அடித்தால் எழுந்து வர ஏதாவது சாக்குத் தேடுவேன். கடைக்குள் மீன் வாசனையே அடிக்கக் கூடாது, காடி வாசனைதான் அடிக்க வேண்டும். மதிய நேரத்தில் தனியாக வரும் வயதானவர்கள் எந்தக் கடையில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருக்கிறார்களோ அங்கே முட்டைத் துண்டு ஒன்று வாங்கிப் பார்ப்பேன். முட்டையைப் பொறுமையாகச் செய்கிறவன் மீனைக் கெடுக்க மாட்டான்.

இப்படித் தேடி ஏமாந்ததும் உண்டு. துறைமுக ஊர் ஒன்றில் திரையும் துண்டும் பாஸ் ஆகி, சோறு களியாக வந்தது. ஆனால் நூற்றில் தொண்ணூறு தரம் என் கண் தப்பாது. அந்தத் திமிர்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

3

இங்கே எனக்குப் பெயர் குப்புசாமி.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயரைப் போட்டுத் தந்தார்கள். வந்த புதிதில் வார்டு அலுவலகத்தில் பதியப் போனபோது, அது அப்பாவின் பெயர், என்னை அப்படி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று விளக்கினேன். கவுண்டரில் இருந்த பெண் பணிவாகக் கேட்டுவிட்டு இன்னொருவரை அழைத்துவந்தாள். அவர் பணிவாகக் கேட்டுவிட்டு மூன்றாவது ஆளை அழைத்துவந்தார். அந்த மூன்றாவது ஆள் வேறு சந்தேகத்தைக் கிளப்பினார். எனக்கு என் அப்பா பெயர், வீட்டுக்காரருக்கு அவர் அப்பா பெயர், யாழினிக்கு அவள் அப்பா பெயர், மூன்று பேருக்கும் மூன்று குடும்பப் பெயர். "நீங்கள் ஒரே குடும்பம்தானா?" என்று கேட்டார். கல்யாணச் சான்றிதழை மொழிபெயர்த்து, முத்திரை வாங்கி, நாங்கள் ஒரே குடும்பம் என்று நிரூபிக்க ஒரு மாதம் ஆனது.

அன்றிலிருந்து ஆஸ்பத்திரியிலும் ஆபீஸிலும் வங்கியிலும் நான் குப்புசாமி-சான், அதாவது குப்புசாமி அவர்கள். சுஷிக் கடைக்காரருக்கும் அதேதான். "குப்புசாமி-சான், இன்றைக்குக் கணவாய் நன்றாக இருக்கிறது" என்பார். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. கடைக்காரர் அந்தப் பெயரைச் சொல்லித் தட்டில் மீனை வைக்கும்போது, பந்தியில் அப்பாவை உட்காரச் சொல்கிற மாதிரி இருக்கும், சந்தோஷமாகக்கூட இருக்கும்.

மொழி இன்னும் சறுக்கத்தான் செய்கிறது. சுஷிக் கடையில் டீக்கு ஒரு தனிச் சொல் உண்டு என்று எங்கோ படித்து, பெரிய ஆள் மாதிரி அதைச் சொல்லி டீ கேட்டேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே கொடுத்தார். வெளியே வந்ததும் யாழினி முகம் சிவக்கச் சொன்னாள், அது கடைக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சொல்லாம், சாப்பிட வந்தவர் சொன்னால் பீற்றிக்கொள்வது மாதிரியாம். பதின்மூன்று வயது அவளுக்கு. நான் வாய் திறக்கும் இடத்திலெல்லாம் இப்போது அவள் ஓர் அடி தள்ளி நிற்கிறாள். தமிழில் கேட்டால் ஜப்பானிய மொழியில் பதில் வருகிறது. திருப்பூருக்கு அவள் வைத்திருக்கும் பெயர் "அம்மாவோட ஊர்".

4

பிரபு என்னைவிட ஆறு வயது இளையவன். அப்பா விட்டுப்போன தையல் யூனிட்டில் இருபது மெஷின் போட்டு, பெரிய கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஆர்டர் குறைந்து குறைந்து, ஒரு தீபாவளிக்குப் பிறகு அறவே நின்றுவிட்டது. மெஷின்களை ஒவ்வொன்றாக விலைக்குக் கொடுத்தான். ஒரு வருடம் சும்மா இருந்தவன், திடீரென்று ஒருநாள் வீடியோவில் வந்து, "அக்கா, சுஷிக் கடை வெக்கலாம்னு இருக்கறனுங்க" என்றான்.

நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. துணி வாங்க வரும் ஜப்பான்காரர்களும் கொரியாக்காரர்களும் ஓட்டலில் ரொட்டியும் சூப்பும் தின்றுவிட்டுப் படுக்கிறார்கள், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த கம்பெனிக்காரர் பிள்ளைகள் சுஷி சாப்பிடக் கோயமுத்தூருக்குக் காரில் போகிறார்கள், மீன் கொச்சியிலிருந்து உறையவைத்து ரயிலில் வருகிறது, சமையலுக்கு தில் பகதூர் என்று ஒரு நேபாளக்காரர் கிடைத்திருக்கிறார் என்று வரிசையாகச் சொன்னான். எல்லாம் விசாரித்து வைத்திருந்தான். கடைசியில், "நீங்க வாரா வாரம் போட்டோ அனுப்புவீங்கள்ல, அதப் பாத்துப் பாத்துத்தானுங்க்கா இந்த யோசனையே வந்துச்சு" என்றான்.

மூன்று மாதத்துக்கு முன்னால் எங்கள் கம்பெனி மேலாளர் மொரிதா திருப்பூர் கம்பெனிகளைப் பார்க்கக் கிளம்பினார். மொழிபெயர்க்கவும் பெட்டி பார்க்கவும் நானும் உடன் போனேன். அந்தத் தேதி தெரிந்ததும் பிரபு கடை திறப்பை அதே நாளுக்கு மாற்றிவிட்டான். காரணம் போணி.

திருப்பூரில் வியாபாரம் செய்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. காஜா பட்டன் போடும் சின்னக் கடையில்கூட முதல் ஆள் ஒன்றும் வாங்காமல் படியிறங்கினால் அன்று முழுதும் முதலாளி முகம் செத்துக்கிடக்கும். அதிலும் புதுக் கடைக்கு முதல் போணி யார் கையால் என்பது கல்யாணத்துக்கு நாள் குறிப்பது மாதிரி. எங்கள் குடும்பத்தில் எனக்குக் கைராசி என்று ஒரு பெயர். அப்பா யூனிட்டில் முதல் மெஷினின் சுவிட்சைப் போட்டவள் நான்தான், அப்போது ஐந்து வயது. "அக்கா, நீங்களும் அந்த ஜப்பான் சாரும் வந்து மொதல் தட்டு சாப்புட்டாப் போதும். அப்பறம் கடை தானா ஓடும்" என்றான் பிரபு. அவன் கேட்டது அவ்வளவுதான்.

5

அவிநாசி ரோட்டிலிருந்து பிரியும் தெருவில், நூலும் எலாஸ்டிக்கும் விற்கும் கடைக்கு மேல் மாடியில் அவன் கடை. பெயரை எழுத மாட்டேன். என்னால் அந்தக் கடைக்கு ஒரு முறை ஆன கெடுதல் போதும்.

காலையில் பார்த்த கம்பெனியில் நேரமாகிவிட்டது. பதினொன்றரைக்கு வருவதாகச் சொன்னவர்கள் ஒன்றேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். வழியில் மொரிதாவிடம், எனக்குத் தெரிந்தவர் ஒருவர் சுஷிக் கடை திறக்கிறார், ஒரு நிமிடம் எட்டிப் பார்க்கலாம் என்று சொன்னேன். தெரிந்தவர் என்றுதான் சொன்னேன், தம்பி என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அப்போது என்னையே நான் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

படியேறும்போதே எனக்கு உடம்பு கூசியது. வாசலில் எலுமிச்சை, மிளகாய், திருஷ்டிப் பூசணி. கீழே லாரியிலிருந்து நூல் மூட்டை இறக்கும் சத்தம். கதவைத் திறந்தால் பிரபு நிற்கிறான், நீல நிறத்தில் ஜப்பானியச் சமையல்காரர்கள் போடுவது மாதிரி ஒரு மேல்சட்டை. யூனிட்டில் மிச்சமிருந்த பனியன் துணியில், பழைய டெய்லரை வைத்துத் தைத்தது. கழுத்துக்குப் பனியனுக்கு வைக்கிற அதே ரிப், இழுத்தால் நீளும் துணி. தோள்பட்டைத் தையல் இழுத்துக்கொண்டு நின்றது. என் கண் முதலில் அங்கேதான் போனது. நெற்றியில் அதே ரிப் துணியில் பட்டை. மனப்பாடம் செய்துவைத்த ஜப்பானிய வரவேற்பைப் பாதி விழுங்கி உரக்கச் சொல்லி, இடுப்பு வரை குனிந்தான்.

மொரிதா மகிழ்ந்துபோய்த் திரும்பக் குனிந்தார். நான் சுவரைப் பார்த்தேன். என் தம்பியைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. உண்மை அதுதான்.

"வாங்க்கா, வாங்க சார். உங்களுக்காகத்தானுங்க உக்காந்துட்டு இருக்கறோம். பதனொரு மணிக்கே ஒரு புருசன் பொஞ்சாதி வந்தாங்க, என்ற அக்கா போணி பண்ணட்டுமுங்க, செத்த இருங்கன்னேன். ஒரு மணி நேரம் பாத்துட்டு, பசிக்குதுன்னு கீழ பிரியாணிக்குப் போயிட்டாங்க. போகட்டும், நாளைக்கு வருவாங்க."

எங்களைப் பலகை முன் உட்காரவைத்தான். தில் பகதூர் ஏற்கெனவே சோற்றைப் பிடிக்க ஆரம்பித்திருந்தார். மொரிதா என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார். "குப்புசாமி-சான், இங்கே சாப்பிடலாமா? நீங்கள் சரி என்றால் எனக்கும் சரி."

நான் துண்டை முகரவில்லை. சோற்றைப் பார்க்கவில்லை. எட்டடி தூரத்தில் இருந்த மீனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஜப்பானிய மொழியில், தெளிவாக, நல்ல உச்சரிப்போடு சொன்னேன். "வேண்டாம் மொரிதா-சான். இவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. இந்த ஊரில் பச்சை மீனைச் சாப்பிட்டு நீங்கள் படுத்துக்கொண்டால் பொறுப்பு என்னுடையது."

பிறகு பிரபுவிடம் திரும்பித் தமிழில் சொன்னேன். "சாருக்குக் காலைல இருந்து வயிறு செரியில்ல கண்ணு."

எட்டுத் துண்டு வைத்த தட்டு அதற்குள் அவன் கைக்கு வந்துவிட்டிருந்தது. அதை அப்படியே பலகையில் வைத்தான். "அச்சோ, ஏனுங்க்கா மொதல்லயே சொல்லக்கூடாதுங்களா. இருங்க, சீரகத் தண்ணி கொண்டாறேன்" என்று சொல்லி, கீழே எங்கோ ஓடி, பத்து நிமிடத்தில் ஒரு சொம்பு நிறையச் சூடாகச் சீரகத் தண்ணீர் வாங்கிவந்தான். வயிற்றுக்கு ஒரு கேடும் இல்லாத மொரிதா அதை மரியாதைக்காக முழுதும் குடித்தார். நான் எதுவும் தொடவில்லை. விருந்தாளி சாப்பிடாதபோது நான் எப்படிச் சாப்பிடுவது என்று பிரபுவே எனக்குச் சமாதானம் சொன்னான்.

படி வரை வந்து, "போணி ஆவுலீன்னா என்னுங்க்கா, நீங்க ரெண்டு பேரும் கால் வெச்சீங்கள்ல, அது போதும்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அந்த முகம் எனக்குத் தெரியும். கடைசி மெஷினைக் கொடுத்த அன்று வீடியோவில் இதே முகத்தோடுதான் சிரித்தான்.

6

காரில் மொரிதா கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "சோற்றில் நல்ல பளபளப்பு இருந்தது" என்றார். "காடி வாசனையும் சரியாக இருந்தது. அந்தச் சமையல்காரர் ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்தார், கவனித்தீர்களா? ஆனால் இது உங்கள் ஊர். உங்களுக்குத்தான் தெரியும்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மொரிதா அன்று இரவே கிளம்பிவிட்டார், எனக்கு மறுநாள்தான் விமானம். பிரபு கட்டாயப்படுத்தியதால் போகும் வழியில் கடைக்குப் போனேன். அவன் என் பெட்டியை வாடகைக் காரிலிருந்து தன் காருக்கு மாற்றக் கீழே போன நேரம், தில் பகதூர் டீ கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டு ஜப்பானிய மொழியில் பேசினார். என்னுடையதைவிட நல்ல ஜப்பானியம்.

"அக்கா, நான் நகோயாவில் எட்டு வருடம் சுஷிக் கடையில் நின்றிருக்கிறேன். நேற்று நீங்கள் சொன்னது எனக்குக் கேட்டது."

டீயை எடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டேன்.

"பிரபு அண்ணனிடம் நான் சொல்லவில்லை. அவராகக் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன், கேட்காவிட்டால் சொல்ல மாட்டேன்." அவர் குரலில் கோபம் துளியும் இல்லை. அடியில் ஐஸ் பை வைத்துக் கட்டிய ஒரு சிறிய பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினார். "காலையில் செய்தது. வழியில் சாப்பிட்டுப் பாருங்கள். எது சரியில்லை என்று சொன்னால் மாற்றிக்கொள்கிறேன்."

கோயமுத்தூர் விமான நிலையத்தில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஐஸ் பை இன்னும் சில்லென்றுதான் இருந்தது, அதைச் சாக்காகச் சொல்ல முடியாது. உள்ளே இருப்பது நன்றாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயமாக இருந்தது. மோசமாக இருந்தால் நான் செய்தது சரி என்று ஆகிவிடும். நன்றாக இருந்தால் நான் யார்? விமானத்தில் ஏறக் கூப்பிட ஆரம்பித்ததும் எழுந்து போய், கட்டைக்கூட அவிழ்க்காமல், குப்பைத் தொட்டியில் போட்டேன்.

சிங்கப்பூரில் இறங்கியதும் பிரபுவின் செய்தி வந்திருந்தது. சாப்பிட்டீர்களா, எப்படி இருந்தது என்று. பிரமாதம், அப்படியே ஜப்பான் ருசி என்று எழுதினேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. "தில் பகதூர்ட்டக் காட்டுனனுங்க்கா. பாத்துட்டு, போயிச் சோறு வடிக்க ஆரம்பிச்சுட்டான்."

திரும்பி வந்து சில வாரம் கழித்து யாழினியின் சிநேகிதி வீட்டுக்கு வந்தாள். நான் குழிப்பணியாரம் சுட்டுத் தட்டில் கொண்டுபோனேன். கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கும்போதே யாழினி சொல்வது கேட்டது. "சாப்பிடாதே. எங்க அம்மா செய்யறது உனக்கு ஒத்துக்காது." வேறொரு சமயமாக இருந்தால் அன்று இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசித் தீர்த்திருப்பேன். தட்டோடு அடுப்படிக்குத் திரும்பி, நின்றபடியே எட்டுப் பணியாரத்தையும் நானே தின்றேன். அவளைத் திட்ட எனக்கு வாய் இல்லை.

அவன் கடை இன்னும் நடக்கிறது. ஆனால் சிரமத்தில் நடக்கிறது. பச்சை மீனுக்கு ஊர்க்காரர்கள் பயப்படுகிறார்கள், வெளிநாட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே ஒருவரும் இல்லாததைக் கண்டு திரும்பிவிடுகிறார்கள். வாரம் ஒரு முறை என்னைக் கூப்பிட்டு, "உங்க கைராசி இருக்குதுங்க்கா, செரியாயிரும்" என்கிறான்.

7

நேற்று அந்தப் பலகையின் முன் யாழினி போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "சொல்லும்மா. மாமா கடையில எது சாப்பிட்ட? எது நல்லா இருந்துச்சு? அதைச் சொல்லி ஆரம்பி."

சால்மன் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. வாயைத் திறந்தேன். கடைக்காரர் கைகளைத் துடைத்துக்கொண்டு, படம் பிடிக்கிறார்கள் என்று தெரிந்து, கொஞ்சம் நிமிர்ந்து நின்றார். நான் எழுந்துவிட்டேன். வீட்டுக்காரர் என்ன என்று கேட்டார். ஒரு போன் பேசிவிட்டு வருகிறேன் என்று திரையை விலக்கி வெளியே வந்தேன். இந்த ஊரில் நின்றுகொண்டு பொய்யான சான்றிதழ் கொடுத்து இன்னொரு முறை அவனை ஏமாற்ற முடியாது. அதே சமயம் சொன்னால் அவன் என்னோடு பேசுவானா என்றும் தெரியவில்லை. அப்பா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்று இருப்பது அவன் குரல் ஒன்றுதான்.

முதல் மணியிலேயே எடுத்தான். "அக்கா, வீடியோ எடுத்தாச்சுங்ளா?"

"இல்ல கண்ணு. உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். குறுக்க பேசாமக் கேளு."

சந்துச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். மொரிதா வயிற்றுக்கு ஒன்றும் இல்லை என்பதை. அவரிடம் நான் சொன்ன வார்த்தைகளை, ஒன்றுவிடாமல் தமிழில். அவனைத் தெரிந்தவர் என்று சொன்னதை. தில் பகதூருக்கு எல்லாம் தெரியும் என்பதை. குப்பைத் தொட்டியை. பிரமாதம் என்று எழுதியதை. இடையில் இரண்டு முறை, இருக்கிறானா என்று கேட்டேன். இருக்கறனுங்க என்றான்.

முடித்தேன். அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது.

"செரிங்க்கா" என்றான் கடைசியில். குரலில் கோபம் இல்லை. எத்தனையோ யூனிட்களில், லாட் ரிஜக்ட் என்று நான் சொன்னதும் முதலாளிகள் கையைக் கட்டிக்கொண்டு பேசுவார்களே, அந்தக் குரல். "அந்தப் பொட்டியில என்ன குத்தம் இருந்துச்சுங்க? சொன்னீங்கன்னா செரி பண்ணிக்கலாம். சோறா, மீனுங்ளா?"

"எனக்குத் தெரியாது சாமி. பொட்டிய நான் தொறக்கவே இல்ல."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "அக்கா, கஸ்டமர் வந்திருக்காங்க, அப்பறம் கூப்புடறனுங்க" என்று சொல்லி வைத்துவிட்டான்.

இங்கே ஏழு மணி. அங்கே மதியம் மூன்றரை. மூன்று மணிக்கு ஷட்டரை இறக்கினால் ஆறு மணிக்குத்தான் அவன் கடையை மறுபடி திறப்பான்.